மாத்திரை கொடுப்பதா, வேண்டாமா?

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுட் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் விடை பெற்றுவிடும். ஒரு கடிதம் மட்டும் மூன்று வாரமாக என் மேசைமேற் கிடக்கிறது. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மகனுக்கு வயது எட்டு. மூன்றாம் தரத்திற் படிக்கிறான். கொப்பியைத் திறந்தாற் பென்சிலைக் காணோம், பென்சில் அகப்பட்டாற் கொப்பியைக் காணோம் என்கிறார். வகுப்பில் ஆசிரியை கேள்வியைக் கேட்டு முடிக்குமுன் எழுந்து விடை சொல்லுகிறான். அவ்விடை பாதி நாள் சரியாகவும் இருக்கிறது. இவ்வாண்டில் மட்டும் நான்கு தண்ணீர்ப் போத்தல்களைத் தொலைத்துவிட்டான். இரண்டு முறை வீதிக்குக் குறுக்கே ஓடி, முச்சக்கர வண்டியில் அடிபடாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறான். சிறுவர் மனநல வைத்தியர் ஒருவர் மூன்று தடவை அழைத்துப் பார்த்து, ஆசிரியையிடமும் எழுத்தில் விபரம் கேட்டு வாங்கி, இது ‘ஏ.டீ.எச்.டீ.’ எனப்படும் அவதானக் குறைபாட்டு மிகைத்துடிப்புக் கோளாறு என்று சொல்லி, மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டு இன்னும் மருந்துக்கடைக்குப் போகவில்லை. சாமிப் படத்தின் பின்னாற் செருகப்பட்டு இருக்கிறது.

காரணம், வீட்டில் மூன்று அபிப்பிராயம். “என் பிள்ளைக்குப் பைத்தியமா, மூளைக்கு மருந்து கொடுக்க?” என்பது தகப்பனார் கட்சி. “இவன் தகப்பனும் சிறு வயதில் இப்படியே குழப்படி செய்தவன்தான், இப்போது அவன் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கவில்லையா?” என்பது அப்பம்மாவின் கட்சி. தாய்க்கு ஒரு கட்சியும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. கொடுத்தாற் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒன்று. கொடாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் மற்றொன்று. “ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

ஒரே சொல்லில் எழுத இயலாது, அம்மா. நான் வைத்தியன் அல்லன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற உபாத்தியாயன். உங்கள் மகனைக் கண்டவனும் அல்லன். ஆயினும் இவ்விடயத்தில் உலகம் கற்றுக்கொண்டது யாது, பெற்றோர் எவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும், என் சொந்த அபிப்பிராயம் எது என்பவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பல வீடுகளும் இருப்பதை அறிவேன்.

முதலில் ஒரு சந்தேகத்தை அகற்றிவிடுவோம். இது மருந்துக் கம்பனிகள் நேற்றுக் கண்டுபிடித்த நோய் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். 1798ஆம் ஆண்டிலேயே அலெக்சாந்தர் கிரைற்றன் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், எதிலும் மனத்தை நிலைநிறுத்த இயலாத நிலையைப்பற்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். 1840களில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்றிக் ஹொப்மன், தம் சிறு மகனுக்காகத் தொடங்கிய படக் கதைப் புத்தகத்தில், நாற்காலியில் ஆடி ஆடி மேசைச் சீலையோடு உணவு முழுவதையும் இழுத்துக்கொண்டு விழும் பிலிப் என்ற பையனைப் படைத்தார். அப்பையனை இன்று எந்த வகுப்பாசிரியரும் அடையாளம் கண்டுகொள்வர். 1902இல் லண்டன் அரச வைத்தியக் கல்லூரியில் யோர்ச் ஸ்ரில் என்ற குழந்தை வைத்தியர் நிகழ்த்திய விரிவுரைகள் இன்னும் முக்கியமானவை. புத்தியிற் குறையில்லாத பிள்ளைகளிற் சிலருக்குத் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் ஆற்றல் மட்டும் குறைந்திருக்கிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். பெயர் மட்டும் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. இப்போது வழங்கும் பெயர் 1987இல் வந்தது. நோயைக் காட்டிலும் பெயர் இளையது.

மருந்தின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், கிழக்குப் புறொவிடன்ஸ் என்னும் ஊரில், மூளைக்காய்ச்சலால் ஊனமுற்ற எமா என்ற ஒரே மகளின் நினைவாகப் பெற்றோர் தம் சொத்தைக் கொடுத்து ஏற்படுத்திய சிறுவர் வைத்தியசாலை ஒன்று உண்டு. அங்கே அவர்களுடைய உறவினரான டாக்டர் சாள்ஸ் பிறட்லி பணியாற்றினார். அக்காலத்தில் மூளையைப் படம்பிடிப்பதற்கு முள்ளந்தண்டு நீரை வெளியே எடுப்பார்கள். அதனாற் பிள்ளைகளுக்குக் கொடிய தலைவலி வரும். அத்தலைவலியைத் தணிக்கலாம் என்று எண்ணிப் ‘பென்சிடிறீன்’ என்ற ஊக்கமருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகத் தணியவில்லை. ஆனால் அங்கிருந்த பாடசாலை ஆசிரியர்கள் வியப்போடு ஒரு செய்தி சொன்னார்கள்: பாடத்தில் இருக்கவே இருக்காத பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள்! 1937இல் பிறட்லி முப்பது பிள்ளைகளின் விபரத்தை வெளியிட்டார். அவர்களிற் பதினான்கு பேரிடம் பாடசாலை வேலையிற் பெரிய முன்னேற்றம் காணப்பட்டது. பிள்ளைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பதிற் பதினான்கு என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள்; எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதமாக வேலை செய்யும் மருந்து அன்று என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கிறது.

இன்று பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மருந்து மெதைல்பெனிடேற். இதனை 1944இற் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் சீபா நிறுவனத்து இரசாயனவியலாளர் பனிசொன் என்பவர் உருவாக்கினார். அவர் மனைவியின் செல்லப் பெயர் றீற்றா. அம்மையார் ரெனிஸ் ஆடுமுன் அதை உட்கொள்வாராம். ‘றிற்றலின்’ என்ற வியாபாரப் பெயர் அவரிடமிருந்து வந்தது.

ஏற்கெனவே துடியாட்டமாக இருக்கும் பிள்ளைக்கு ஊக்கமருந்தா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். தேயிலை விளையும் நாட்டில் வாழும் நமக்கு ஊக்கமருந்து புதிதன்று; பரீட்சைக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு மாணவன் குடிக்கும் வெறுந்தேநீரில் இருப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்த மெல்லிய சரக்கே. (அதற்காக மாத்திரைக்குப் பதில் சாயம் கூடிய தேநீர் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு அந்த வலுவும் இல்லை. இரவு நித்திரைதான் கெடும்.) நம் மூளையின் முன்பகுதிக்கு ஒரு வேலை உண்டு. ஒன்றைச் செய்ய எழும் எண்ணத்தைச் சற்று நிறுத்தி, அது தகுமா என்று பார்த்து, பின் விடுவது. அவ்வேலைக்கு டோபமின், நோரட்றினலின் என்னும் இரசாயனங்கள் தூது செல்லுகின்றன. தூது சொல்லி முடிந்ததும் நரம்புக் கலங்கள் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெதைல்பெனிடேற் அந்த உறிஞ்சலைத் தடுத்து, தூது சற்று நேரம் நிற்கச் செய்கிறது. ஆகவே ஊக்கம் பெறுவது வண்டியின் வேகம் அன்று, அதன் பிறேக்.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாதாரண மாத்திரையின் செயல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும். நான்கு மணி நேரமளவில் தீர்ந்துவிடும். மெதுவாகக் கரையும் வகைகள் எட்டு மணி முதற் பன்னிரண்டு மணி வரை நிற்கும். மறுநாட் காலையில் மருந்து இல்லை. பிள்ளை பழைய பிள்ளையே. இது நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும்போது மட்டும் எழுத்துத் தெரிவதுபோல, உடலில் இருக்கும்போது மட்டும் உதவும். சிலர் இதைக் குறையாகச் சொல்லுவர். எனக்கோ, முடிவெடுக்கத் தயங்கும் பெற்றோருக்கு இதுவே பெரிய ஆறுதல் என்று தோன்றுகிறது. தாலி கட்டுவது போன்ற முடிவன்று இது. பார்த்து, சரிவராவிட்டால் வைத்தியரிடம் சொல்லி நிறுத்திவிடலாம்.

இனி, மருந்தால் ஆவது என்ன, ஆகாதது என்ன?

1999இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள 579 பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அளவறிந்து கவனமாகக் கொடுக்கப்பட்ட மருந்து, ஒன்றுக்குப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பயிற்சியளித்துச் செய்யும் நடத்தைச் சிகிச்சை, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம். பதினான்கு மாதங்களின் பின் பார்த்தபோது, கவனக் குறைவையும் துடியாட்டத்தையும் குறைப்பதில் மருந்து பெற்ற இரு கூட்டங்களும் மற்றவற்றை முந்தி நின்றன. இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாயிற்று. மருந்தின் கட்சிக்காரர் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். ஆனால் கதை நிற்கவில்லை. மூன்றாம் ஆண்டில் மீண்டும் பார்த்தபோது நான்கு கூட்டங்களுக்கும் இடையில் வேறுபாடு காணப்படவில்லை. பதினான்கு மாதத்தின் பின் யார் எதைத் தொடர்ந்தார், யார் விட்டார் என்பது அவரவர் விருப்பமாகிவிட்டது. அதனால் இம்முடிவை எப்படிப் பொருள்கொள்வது என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

2015இலும் 2023இலும் கொக்றேன் அமைப்பின் ஆய்வாளர் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, மருந்து பலனளிக்கக்கூடும், ஆனாற் சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்றனர். 2018இல் மற்றொரு குழு 133 பரிசோதனைகளை ஒப்பிட்டு, சிறுவருக்கு முதலிற் கொடுக்கத்தக்கது மெதைல்பெனிடேற் என்று முடிவு கூறியது. உலக சுகாதார நிறுவனம் 2019இலும் 2021இலும் இதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்க்க மறுத்தது. குறுகிய காலத்துக்கு, அதாவது சில வாரம் சில மாதம் என்ற கணக்கில், இது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீண்ட காலக் கணக்கை அத்தனை துணிவோடு சொல்ல இயலாது.

நம் நாட்டுப் பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டிய ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில், ஏழு முதற் பன்னிரண்டு வயது வரையுள்ள 173 பிள்ளைகளுக்கு மருந்தோடும் மருந்தின்றியும் புதிய பாடங்கள் கற்பிக்கப்பட்டன. மருந்து உட்கொண்ட காலத்திற் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள்; விரைவாகக் கூடுதற் கணக்குகளைச் செய்தார்கள்; வகுப்பு ஒழுங்கை மீறுவது குறைந்தது. ஆனாற் புதிய சொற்களையும் புதிய பாடத்தையும் கற்றுக்கொண்ட அளவு இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது மாத்திரை பிள்ளையை வாங்கில் இருத்தும். வாங்கில் இருப்பவனுக்குக் கற்பிப்பது ஆசிரியரின் வேலை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் புள்ளி கூட்டித் தரும் என்று எண்ணி இம்மாத்திரையைத் தேடும் பெற்றோர் இருப்பின், அவர்கள் தேடுவது இங்கே இல்லை. கோளாறு இல்லாத பிள்ளைக்கு, அவனுடைய மச்சானின் போத்தலிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பார்ப்பதோ பெருங் குற்றம். 1971ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையின்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இது.

மருந்துக்கு முன் வருவது, நோயைச் சரியாகக் கண்டறிந்தார்களா என்ற கேள்வி. குழப்படி எல்லாம் கோளாறு அன்று. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருத்தல் வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருத்தல் வேண்டும். வீடு, பாடசாலை என்று குறைந்தது இரண்டு இடங்களிற் காணப்படல் வேண்டும். வாழ்க்கையை உண்மையிற் கெடுக்கும் அளவுக்கு இருத்தல் வேண்டும். ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் துள்ளும் பிள்ளையைப் பற்றி அந்த வகுப்பையும் விசாரிக்க வேண்டியிருக்கும். காது சரியாகக் கேளாத பிள்ளை, கரும்பலகை தெரியாத பிள்ளை, தொண்டைச் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விட்டு நித்திரை குலையும் பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாத பிள்ளை, சில விநாடி நினைவு தப்பும் வலிப்புள்ள பிள்ளை, வீட்டிற் சண்டையையோ சாவையோ கண்டு மனங் கலங்கிய பிள்ளை ஆகிய எல்லாரும் வெளிப்பார்வைக்குக் கவனமற்ற பிள்ளைகளே. பத்து நிமிடத்திற் பெயர் வைத்துச் சீட்டு எழுதப்பட்டிருந்தால், இன்னொரு வைத்தியரிடம் காட்டுங்கள் என்றே சொல்லுவேன்.

வயதையும் பாருங்கள். 2012இற் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே டிசெம்பர் 31இல் வயதுக் கோடு. ஒரே வகுப்பிற் படித்த பிள்ளைகளுள், ஜனவரியிற் பிறந்த மூத்தவர்களைக் காட்டிலும் டிசெம்பரிற் பிறந்த இளையவர்களுக்கு இந்நோய்ப் பெயர் சூட்டப்படுவது ஆண்பிள்ளைகளில் 30 வீதமும் பெண்பிள்ளைகளில் 70 வீதமும் கூடுதலாக இருந்தது. மருந்து கொடுக்கப்பட்டதும் அவ்வாறே கூடியது. டிசெம்பரிற் பிறப்பதால் மூளை கெடுவதில்லை. பதினொரு மாதம் மூத்தவனோடு ஒப்பிட்டு, இளையவனைக் குழப்படிக்காரன் என்கிறோம், அவ்வளவே. இலங்கையில் முதலாம் தரத்திற் சேர ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே நம் வகுப்புகளில் ஜனவரியிற் பிறந்தோரே பெரும்பாலும் கடைக்குட்டிகள். உங்கள் பிள்ளை அப்படிப்பட்டவனாயின், அதை வைத்தியருக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளைப்பற்றி ஒரு வார்த்தை. அவர்களிற் பலர் ஓடி ஆடுவதில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடுவர். எவருக்கும் தொல்லை இல்லாமையால் எவரும் கண்டுகொள்வதுமில்லை. வீட்டார் கண்டுகொண்டாலும், நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது இது வெளிவந்துவிடும் என்று மூடி வைத்துவிடுவர்.

சீனியை நிறுத்தினாற் போதும் என்று அயல்வீட்டார் சொல்லுவது வழக்கம். 1995இற் பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகக் காணப்படவில்லை. சில செயற்கை நிறங்கள் சில பிள்ளைகளுக்குச் சற்றுத் துடிப்பை ஏற்றலாம் என்று 2007இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு காட்டியது, விளைவு சிறியது. பல்லுக்காகச் சீனியைக் குறையுங்கள்.

பிரம்பைப்பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்பிள்ளைகளுக்கு அடி உதவாது என்பதை எந்த ஆய்வையும் படியாமலே வகுப்பறையிற் கண்டேன். அடி வாங்கியவன் அழுதான். பத்து நிமிடத்தில் அதையே மறுபடி செய்தான். வேண்டுமென்று செய்யாததை அடித்து நிறுத்த இயலாது. உடனடியாகக் கிடைக்கும் சிறு பாராட்டு, பத்து நிமிட வேலையும் இரண்டு நிமிட ஓட்டமும், முன்வாங்கில் ஆசிரியரின் கைக்கெட்டும் இடம், ஒரு தடவைக்கு ஒரு கட்டளை: இவை பலன் தந்தன. ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு, பெற்றோர் பயிற்சியாகிய இவ்வழியையே முதலிற் கையாள வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2019இல் வலியுறுத்தியிருக்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்க்கும், வீட்டிலும் வகுப்பிலும் தக்க மாற்றங்களைச் செய்தபின்னும் துன்பம் நீடித்தாலே மருந்து என்பது இங்கிலாந்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல்.

மருந்தின் தீமைகளை மறைக்கலாகாது. பசி குறையும், இது மிகச் சாதாரணம். நித்திரை பிந்தலாம். வயிற்று நோ, தலையிடி, நாடித் துடிப்பிலும் இரத்த அழுத்தத்திலும் சிறு உயர்வு ஆகியன உண்டு. மருந்து தீரும் பின்னேர வேளையிற் சிலர் காரணமின்றி அழுவர். நீண்ட காலம் உட்கொண்டால் உயரம் சிறிது குறையக்கூடும். முன்சொன்ன 579 பிள்ளைகளின் ஆய்விலும் இது காணப்பட்டது. எனவே தொடங்குமுன் உயரம், நிறை, நாடி, அழுத்தம் ஆகியவற்றை அளந்து குறித்தல் வேண்டும். இளவயதிற் திடீரென இருதய நோயால் இறந்தவர் குடும்பத்தில் உண்டா என்பதையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். காலையிற் புட்டோ இடியப்பமோ வயிறாரக் கொடுத்தபின் மாத்திரையைக் கொடுங்கள். மத்தியானப் பெட்டி பாதியுடன் திரும்பி வரும், வையாதீர்கள். இரவு எட்டு மணிக்குப் பசி திரும்பும். அப்போது நன்றாகக் கொடுங்கள். பிள்ளை சிரிப்பை மறந்து மரப்பொம்மைபோல் ஆகிவிட்டானாயின், அது மருந்தின் வெற்றி அன்று. அளவு கூடிவிட்டது, அல்லது அம்மருந்து அவனுக்கு ஒத்துவரவில்லை. “இப்போது மிகவும் அமைதி” என்று ஆசிரியர் மகிழ்ந்தாலும் நீங்கள் மகிழாதீர்கள். வேறு வகை மருந்தும் உண்டு. அற்றொமொக்செற்றீன் ஊக்கமருந்து அன்று, ஆனாற் பலன் தெரியப் பல வாரமாகும்.

பழக்கத்துக்கு அடிமையாகிவிடுவானோ என்ற பயம் பெரும்பாலும் தகப்பன்மாருடையது. சிறு வயதில் வைத்தியரின் அளவுப்படி இம்மருந்தை உட்கொண்டவர்கள், உட்கொள்ளாத அதே கோளாறுள்ளவர்களைக் காட்டிலும் பின்னாளிற் போதைக்குக் கூடுதலாக ஆளானதாக 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு காணவில்லை.

மருந்து கொடாமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு. இதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. 2012இற் சுவீடனில், இக்கோளாறுள்ள 25,000க்கு மேற்பட்ட பெரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே ஆள் மருந்து உட்கொண்ட காலங்களில் அவர் குற்றம் புரிவது, உட்கொள்ளாத காலங்களைவிட ஆண்களில் 32 வீதமும் பெண்களில் 41 வீதமும் குறைந்திருந்தது. அது வளர்ந்தவர் கதை. எட்டு வயதுப் பிள்ளையின் கதை வேறு. ஒரு நாளில் எத்தனை முறை அவன் பெயர் அதட்டலாகக் கூப்பிடப்படுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பிறந்தநாள் வீடுகளுக்கு அவனை அழைப்பார் இல்லை. விளையாட்டில் எவரும் அவனைத் தம் பக்கம் சேர்ப்பதில்லை. பத்து வயதுக்குள் “நான் கெட்டவன்” என்று அவனே நம்பத் தொடங்கிவிடுகிறான். பாடசாலை இப்பிள்ளைகளைப் ‘பின்வாங்குக்காரர்’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிடும். அவர்களிற் சிலர் ஒன்பதாம் தரம் தாண்டாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மூளை இல்லாமலில்லை.

ஆகவே, அம்மா, என் அபிப்பிராயம் இது. உங்கள் மகனுக்கு எட்டு வயது. தக்க வைத்தியர் மூன்று தடவை பார்த்திருக்கிறார். வீட்டிலும் பாடசாலையிலும் ஒரே நிலை. வீதிக்குக் குறுக்கே ஓடியிருக்கிறான்; மூன்றாம் முறையும் வண்டிக்காரன் பிறேக் பிடிப்பான் என்பது நிச்சயமில்லை. நடத்தைப் பயிற்சியை நீங்கள் இதுவரை முறையாகத் தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். மாத்திரையையும் சோதனையாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றே எண்ணுகிறேன். இதே கடிதம் நான்கு வயதுப் பிள்ளையைப்பற்றி வந்திருந்தாலோ, பரீட்சைப் புள்ளி குறைந்ததைப்பற்றி மட்டும் வந்திருந்தாலோ, வேறு விதமாக எழுதியிருப்பேன்.

சோதனை என்றால் சோதனையாகவே செய்யுங்கள். எவை மாற வேண்டும் என்பதை மூன்றே வரியில் முன்கூட்டி எழுதி வையுங்கள். உதாரணமாக: வீதியில் கையை விடாமல் வருதல், ஒரு பாடம் முழுவதும் வாங்கில் இருத்தல், வீட்டு வேலையை அழாமல் முடித்தல். அளவு சிறிதாகத் தொடங்கி வாரத்துக்கு வாரம் வைத்தியர் கூட்டுவார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரு மாதத்தின் பின் அந்த மூன்று வரியையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் அதையும் வைத்தியரிடம் அவ்வாறே சொல்லுங்கள். பலன் கண்டு தொடர்ந்தாலும், ஆண்டுக்கொரு தடவை, இன்னும் தேவையா என்று கேட்டே ஆகவேண்டும்.

பிள்ளையிடம் ஒளிக்காதீர்கள். ‘விற்றமின்’ என்று பொய் சொல்லிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அது ஒரு நாள் தெரியவரும். “உன் மூளை மிக விரைவாக ஓடுகிறது, சற்று நின்று பார்க்க இது உதவும், எப்படி இருக்கிறது என்று நீயே எங்களுக்குச் சொல்ல வேண்டும்” என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். அவன் ஏதேனும் குழப்படி செய்யும்போது, “இன்றைக்கு மாத்திரை போட்டாயா?” என்று மட்டும் எவரும், குறிப்பாகத் தம்பி தங்கைகள் முன்னே, கேட்கலாகாது. நல்லது செய்யும்போது பெருமை மாத்திரைக்கு, கெட்டது செய்யும்போது பழி அவனுக்கு என்றாகிவிடும்.

கணவரை அடுத்த முறை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லுவதைக் காட்டிலும், அவர் தம் கேள்வியைத் தாமே கேட்டு விடை பெறுவது நல்லது. அப்பம்மாவையும் விட்டுவிடாதீர்கள். “இவன் தகப்பனும் இப்படித்தான்” என்று அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு அன்று. இக்கோளாறிற் பெரும்பங்கு பரம்பரையால் வருவது என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தத் தகப்பனை அக்காலத்தில் எப்படி இருத்திப் படிக்க வைத்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவரிடம் ஆறுதலாகக் கேட்டால், எந்த வைத்தியருக்கும் தெரியாத சில விடயங்கள் கிடைக்கும். தகப்பனாரும் பக்கத்தில் இருந்து கேட்பது நன்று.

தொடங்குவதாயின் பாடசாலை விடுமுறையிலே தொடங்காதீர்கள். தவணை நடக்கும்போது தொடங்குங்கள். ஆசிரியையின் குறிப்பு இல்லாமல் வைத்தியர் அளவை நிர்ணயிப்பது கடினம். முதல் மாத்திரையை மட்டும் ஒரு சனிக்கிழமை காலையிற் கொடுங்கள். அன்று முழுவதும் அவன் உங்கள் கண்முன் இருப்பான்.